பின்னேரப் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்களிடம் எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர், கறுத்தக் கொழும்பான் மாம்பழம், ஒடியற் கூழ், தேர்த் திருவிழா. எனக்கும் இவை உண்டு. கூழ் என்றால் இப்போதும் நாக்கு ஊறும். ஆனால் ரொறன்ரோவில் மார்கழி மாதம் நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஞாபகம் வருவது எங்களுக்குச் சொந்தமே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னேரம். காலையில் அது அந்த ஊர்ப் பிள்ளைகளுடையது. பகல் ஒரு மணிக்குப் பிறகு எங்களுடையது.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டபோது பலாலி விமானத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் கிளம்பின. மயிலிட்டி, தையிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை. மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, நாலு நாளில் வந்துவிடலாம் என்று படலையைச் சாத்திவிட்டுப் போன சனம். அந்த நிலம் பிறகு உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. சில துண்டுகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. இந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். சனத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடங்களும் இடம்பெயர்ந்ததைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

கட்டடம் இல்லாத பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகள் கேட்பதுண்டு. எங்களுடையது ஒரு றங்குப்பெட்டிக்குள் இருந்தது. வரவு இடாப்பு, அதிபரின் குறிப்புப் புத்தகம், றப்பர் முத்திரை, சுண்ணக்கட்டிப் பெட்டி, இல்ல விளையாட்டுப் போட்டிக்குரிய ஒரு வெள்ளிக் கேடயம். அதிபர் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மானிப்பாய்ப் பக்கம் வந்து சேர்ந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் பின்னேரம் எங்களுக்கு இடம் கொடுத்தது. அவர்களுடைய பெயர்ப்பலகைக்குக் கீழே, படலைத் தூணில், எங்கள் பெயரை ஒரு மட்டையில் எழுதிக் கட்டினார்கள். மழை பெய்தால் எழுத்துக் கரையும். சித்திர ரீச்சர் திரும்ப எழுதுவார். மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தது. அந்த ஆனியோடு யாழ்தேவி ரயில் நின்றுவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன, ஒரு துண்டு எங்கள் முற்றத்து வேம்பில் தொங்கியது.

பின்னேரப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. உச்சிவெயிலில் தொடங்கி, மேற்குப் பக்கத்து அரைச்சுவருக்கு மேலால் சரிந்து வந்து, மூன்றாம் பாடத்தின்போது கரும்பலகையில் விழும். அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பாடம் வரும். பலகை மினுங்கும், எழுத்துத் தெரியாது, பாதி வகுப்புத் தலையைச் சரித்துக்கொண்டு எழுதும். மின்சாரம் இல்லாத காலம், ஐப்பசி கார்த்திகையில் மழை இருட்டு வந்தால் கடைசிப் பாடத்துக்குக் கொப்பியே தெரியாது. அப்போது தமிழ் சேர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்குவார். மகாபாரதத்தில் பாதியை நான் அப்படி இருட்டில்தான் கேட்டேன்.

காலைப் பிள்ளைகள் கரும்பலகையின் ஒரு மூலையில் கட்டம் போட்டு ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டத்தை நாங்கள் மதித்தோம், அநேகமாக. நான் இருந்த வாங்கில் காலையில் இருந்தவனை நான் ஒருநாளும் கண்டதில்லை. மேசைக்குள் ஒரு துண்டு கிடந்தது: “உங்கட ஆள் ஒராள் என்ர அழிறப்பரை எடுத்திட்டார்.” நான் எடுக்கவில்லை என்று பதில் எழுதி வைத்தேன். மறுநாள் அதற்குப் பதில். அழிறப்பர் கிடைக்கவேயில்லை, கடிதப் போக்குவரத்து மட்டும் நெடுநாள் நடந்தது. கிரிக்கெட், ரியூசன், எந்தப் பக்கம் செல் விழுந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அவனுடைய கையெழுத்து அழகு. பெயர் தெரியாது, ‘காலைக்காரன்’ என்றுதான் நான் எழுதுவேன், அவன் என்னைப் ‘பின்னேரம்’ என்பான்.

பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி, சீமெந்து, பெற்றோல் வராது. மண்ணெண்ணெய் கிடைத்தால் சொட்டுச் சொட்டாய்ச் செலவழிக்க வேண்டும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெயில் நனைத்து, மூடியில் திரி போட்டு எரிக்கும் விளக்கில் வீட்டுப்பாடம். சவர்க்காரம் இல்லாத நாட்களில் அம்மா பனங்காய்க் களியில் வெள்ளைச் சட்டையைத் தோய்ப்பார். அழுக்குப் போகும், சட்டையில் ஒரு மஞ்சள் சாயலும் பனங்காய் வாசமும் ஏறும். வகுப்பு முழுக்க அந்த வாசம்தான். இங்கே ஒரு தமிழ்க் கடையில் பனங்காய்ப் பணியாரம் பொரிக்கும்போது எனக்குப் பசிக்கு முதல் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. இதைச் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். அவள் கொழும்பில் படித்தவள்.

பங்கர் முற்றத்தின் வடக்குப் பக்கம். ‘ட’ வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை. காலைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் பார்த்து வெட்டியது என்பதால் எங்களுக்கு எப்போதும் இடம் போதாது. பெரியவர்கள் வேலிக்கரையில் குப்புறப் படுக்க வேண்டும். பொம்மர், கெலி, பீப்பாய்க் குண்டு போடும் சகடை என்று சத்தத்தைக் கேட்டே முதலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கணக்கு ரீச்சர் உள்ளே வந்ததும் வாய்ப்பாடு தொடங்குவார். “ஓடாதேங்கோ பிள்ளையள். இருங்கோ. எங்க விட்டனாங்கள்? பதின்மூண்டு மூண்டு?” மண்ணுக்குள்ளிருந்து அறுபது குரல் முப்பத்தொன்பது என்று சொல்லும். அந்த வயதில் அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு மற்றவற்றைவிடக் கஷ்டம், சத்தத்தைக் கேட்க நேரம் வராது, அதனால்தான் அவர் எப்போதும் அங்கேயே தொடங்கினார் என்பது எனக்கு நாற்பது வயது தாண்டித்தான் உறைத்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எங்கள் மேலே குண்டு போட்ட அரசாங்கம்தான் எங்களுக்குப் பாடநூலும் அனுப்பியது. இலங்கையில் இலவசப் பாடநூல் 1980 முதல் கொடுக்கப்படுகிறது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கும் அது வந்தது, பிந்தி வந்தாலும் வந்தது. ஆசிரியர் சம்பளமும் கொழும்பிலிருந்துதான். சாதாரண தரப் பரீட்சைக்குக் காலியிலும் கண்டியிலும் என்ன வினாவோ அதுதான் எங்களுக்கும். அட்டையில் அரச இலச்சினை போட்ட விஞ்ஞானப் புத்தகத்தோடு பங்கருக்குள் இருந்திருக்கிறோம். இதை நினைத்தால் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று இன்றும் தெரியவில்லை. இரண்டையும் செய்கிறேன்.

சிறுவர் உரிமை என்ற சொற்றொடரை அங்கே நான் கேட்ட ஞாபகம் இல்லை. சிறுவர் உரிமைகள் சாசனத்தை ஐக்கிய நாடுகள் சபை 1989 கார்த்திகை 20 அன்று ஏற்றுக்கொண்டது. இலங்கை அதை உறுதிப்படுத்தியது 1991 ஆடி 12. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் ஆனையிறவு முகாம் மீது புலிகள் பெருந்தாக்குதலைத் தொடங்கியிருந்தார்கள். சாசனத்தின் 38ஆம் உறுப்புரை பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்கிறது. கொழும்பு அதை உறுதிப்படுத்திய கிழமை, ஆனையிறவு வெளியில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எங்கள் வகுப்பிலிருந்து புலிகளிடம் போனவன் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருந்தவன். பெயர் எழுதப் போவதில்லை. தெருக்கூத்துப் போட்டார்கள், படம் காட்டினார்கள், ரியூசன் வாசலில் பேசினார்கள். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. “இயக்கத்துக்குப் போட்டான்” என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான், கடைக்குப் போய்விட்டான் என்று சொல்வதைப் போல. பின்னேரம் தாய் வந்து அதிபரின் அறை வாசலில் நின்றார். “ஐயா, அவனுக்கு இன்னும் பதினஞ்சு முடியேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்.”

அதிபர் போனார். கூடப் போன தமிழ் சேர் பிறகொரு காலம் எனக்குச் சொன்னது இது. நெடுநேரம் வாங்கில் இருக்க வைத்தார்கள். பொறுப்பாளர் இளம் பெடியன், மரியாதையாகத்தான் பேசினான். “பிள்ளை விரும்பித்தான் வந்திருக்கு, மாஸ்ரர்.” அதிபர் கேட்டாராம்: “பதினாலு வயசுப் பிள்ளை விரும்பினா நாங்கள் மோட்டார் சைக்கிள் ஓடக் குடுக்கிறமோ, தம்பி?” அவனிடம் பதில் இருக்கவில்லை, பிள்ளையும் திரும்பி வரவில்லை. அடுத்த கிழமை அதிபர் மறுபடி போனார். அதற்கடுத்த கிழமையும்.

வகுப்பாசிரியை செய்தது வேறு. ஒரு பிள்ளை நின்றுவிட்டால் இடாப்பில் ‘விலகல்’ என்று எழுதிச் சிவப்புக் கோடு கிழிக்க வேண்டும், அதுதான் விதி. அவர் கோடு கிழிக்கவில்லை. நாளாந்தம் அவன் பெயரைக் கூப்பிட்டார், ஒரு கணம் பொறுத்தார், வரவில்லை என்று அடையாளம் இட்டார், அடுத்த பெயருக்குப் போனார். அந்த வருடம் முடியும்வரை. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் இதென்ன என்று கேட்டபோது, “பிள்ளை பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை, அவ்வளவுதான்” என்றாராம்.

எனக்கு ஏக்கம் இந்தப் பெரியவர்கள் மீதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஊரைச் சுற்றி இரண்டு பக்கமும் பெரியவர்கள்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே இன்னும் சில பெரியவர்கள், கதியால் நட்டுக் கிடுகு கட்டுவதுபோல, ஒரு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஒரு வேலி போட்டார்கள். பொத்தல் வேலிதான். அதற்குள்ளால் பொம்மரும் வந்தது, இயக்கமும் வந்தது. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் தூரத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டமாய்ச் சேர்த்து, ரீச்சர்மார் கடைசிச் சந்திவரை கூட நடப்பார்கள். பிறகு தங்கள் வீட்டுக்கு இருட்டுக்குள் திரும்பி நடப்பார்கள். அவர்களும் அகதிகள்தான். அவர்களுடைய பிள்ளைகளும் யாரோ ஒருவரின் திண்ணையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமையாக எழுதிக்கொண்டு போகிறேன் என்று எனக்கே தெரிகிறது. அந்தப் பின்னேரங்கள் இருந்திருக்கவே கூடாதவை. ஒரு பிள்ளை தன் சொந்தப் பள்ளிக்கூடத்தில், காலையில், படித்திருக்க வேண்டும். அதோடு எங்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. 1995 புரட்டாதி 22, வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்துப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் முற்றத்தில் நின்றபோது விமானம் குண்டு போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்திய ஆடியில் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. இறந்த நூற்றுக்கும் அதிகமானோரில் குழந்தைகளும் இருந்தார்கள். நவாலி எங்கள் பின்னேரப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஊர். அடுத்த தவணை தொடங்கியபோது முற்றத்தில் இடைவேளை விடுவதை நிறுத்திவிட்டார்கள். வாங்கில் இருந்தே தண்ணீர் குடித்தோம்.

அந்த ஐப்பசி 30ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. நாலைந்து லட்சம் பேர், மழை, ஒரு ஒடுங்கிய தெரு. அதிபரின் றங்குப்பெட்டி இரண்டாவது தடவை சைக்கிளில் ஏறியதா என்று நான் காணவில்லை. சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் சனம் படுத்திருந்தது. கொஞ்ச நாளில் மாமரங்களின் கீழே அங்கங்கே வகுப்புத் தொடங்கியது. என் வகுப்பு அங்கே மறுபடி கூடவில்லை. பாதி பிறகு வன்னிக்குப் போனது. 1996 சித்திரையில் வலிகாமத்துக்குத் திரும்பியவர்களில் நானும் இருந்தேன். காலைக்காரனுக்கு நான் கடைசியாக எழுதிய துண்டுக்குப் பதில் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கனடாவுக்கு வந்த பிறகுதான் சட்டங்களை வாசித்தேன். 1998இல் போர்க்காலச் சிறுவர்களுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குப் போனபோது பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். 2000இல் சாசனத்துக்கு ஒரு விருப்ப நெறிமுறை வந்து, ஆயுதக் குழுக்களுக்கு வயதெல்லை பதினெட்டு என்றது. 2005இல் பாதுகாப்புச் சபை 1612ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, போரில் பிள்ளைகளுக்கு நடப்பவற்றைக் கண்காணித்துப் பதிவுசெய்ய ஒழுங்கு செய்தது. கொலையும் அங்கவீனமும், படையில் சேர்ப்பு, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி மருத்துவமனை மீதான தாக்குதல், நிவாரணத்தை மறிப்பது என்று ஆறு கொடுமைகள். அந்த வேலைக்குப் பொறுப்பாக 2006 முதல் 2012 வரை ஐ.நா.வில் இருந்தவர் எங்கள் நாட்டவரான ராதிகா குமாரசுவாமி. அவர் அந்தக் கதிரையில் இருந்த காலத்திலேயே கிழக்கில் புலிகளிலிருந்து பிரிந்த கருணா அணி பிள்ளைகளைக் கொண்டுபோனது, வன்னியில் புலிகளின் ‘வீட்டுக்கு ஒருவர்’ ஆட்சேர்ப்பு நடந்தது. வன்னியில் இருந்த என் வகுப்புத் தோழி, பதினாறு வயதுத் தங்கையை எண்ணெய்ப் பீப்பாய்க்குள் இறக்கி மேலே விறகு அடுக்கி வைத்திருந்ததாகச் சொன்னாள். பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்று அவசர அவசரமாய்த் தாலி கட்டிய சோடிகள் ஏராளம். போர் முடிந்து சரணடைந்தவர்களில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் 594 பேர் என்று பதிவாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். தெற்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வாங்கு கொடுத்தது. அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

காகிதம் வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கிக்காரர்கள் பிள்ளைகளுக்காக நிறுத்தக்கூடியவர்கள்தான் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. அமைதி நாட்கள் என்று அதற்குப் பெயர். 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. சொட்டு மருந்துக்காக ஓய்ந்தவர்கள் முற்றத்து இடைவேளைக்காக ஏன் ஓயவில்லை என்று இரண்டு தரப்பிடமும் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் எங்கள் அதிபரைப் போல வாங்கில் இருக்க வைக்கப்பட்டார்கள்.

2015இல் ஓஸ்லோவில் பாதுகாப்பான பள்ளிகளுக்கான பிரகடனம் வந்தது. பள்ளிக்கூடத்தைப் படைமுகாம் ஆக்காதீர்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு ஒரு ஆடி விடுமுறையில் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். வலயத்திலிருந்து விடுபட்டிருந்தது. பிரதான மண்டபம் இல்லை. அத்திவாரக் கல்லை வைத்து இங்கேதான் மேடை, இங்கேதான் நூலகம் என்று கூட வந்த அண்ணா காட்டினார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பத்து வயதோடு விட்டுவந்த இடம், அண்ணாதான் கண்ணைத் துடைத்தார். மறுநாள் மானிப்பாய்ப் பக்கம் தனியாகப் போனேன். அங்கே மூன்று மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அரைச்சுவர் வகுப்பறைகள் இடிக்கப்பட்டுவிட்டன, பங்கர் இருந்த இடத்தில் கைகழுவும் தொட்டி. இளம் ஆசிரியர் ஒருவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். இங்கே பின்னேரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது என்றேன். “அப்பிடியா, ரியூசனோ?” என்றார். நாலு மணி வெயில் முற்றத்தில் சரிந்துகொண்டிருந்தது. அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

எங்கள் பள்ளிக்கூடம் இப்போது சொந்த நிலத்தில், காலையில், நடக்கிறது. பிள்ளைகள் குறைவு, இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல இடம்பெயர்ந்த இடத்திலேயே வேர்விட்டுவிட்டன, அல்லது என்னைப் போல விமானம் ஏறிவிட்டன. பழைய மாணவர் வட்சப் குழுவில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் பெயர் பொறித்த ஒரு வளைவு கட்டவேண்டும் என்று லண்டன்காரர். தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வான் பிடித்து மாதக்கூலி கொடுக்கலாம் என்று நான். வளைவுப் படங்கள் வந்து குவிகின்றன, வாக்கெடுப்பு என்றும் ஒருவர் தொடங்கினார். கடைசியில் நான் இப்போதைய அதிபருக்கே போன் எடுத்துக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வளைவும் வேண்டாம், வானும் பிறகு பாப்பம் அண்ணா. பொம்பிளைப் பிள்ளையளின்ர மலசலகூடம் ரெண்டும் திருத்த வேணும். கணிதத்துக்கு ஒரு ஆள் வேணும்.”

மலசலகூடத்துக்குக் காசு சேரத் தொடங்கியிருக்கிறது, லண்டனிலிருந்தும் வந்தது. கணித ஆசிரியரைக் கேட்டு அவர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்.